வலப்பக்கத் துளை

மூன்று வருடமாக மூளை அறுவைசிகிச்சைப் பயிற்சியில் இருக்கிறேன். எங்கள் சீஃப் ஒருநாள்கூட என் கையில் டிரில்லை விட்டதில்லை. "நீ கைய வச்சா விளங்கிடும், தள்ளு!" என்று பிடுங்கிக்கொள்வார். அப்புறம், பசங்களுக்குக் கையே வரவில்லை என்று கூட்டத்தில் வாய்கிழியப் பேசுவார்.

இன்று எனக்கு மதிப்பீடு. மேசையில் பிளாஸ்டிக் மண்டையோடு. வெளியிலிருந்து வந்த தேர்வாளர் சீஃபை ஜன்னலோரம் நிறுத்திவிட்டார். "நீங்க தொடக் கூடாது சார்."

வலப்பக்கம் துளையிட்டேன். மேசையில் துளித் தூள்கூட விழவில்லை. ஜன்னலோரம் நின்ற சீஃபின் வலது தோளில் வெள்ளையாக உதிர்ந்தது.

"போதும்பா" என்றார் சீஃப். என்னிடம் அவர் தணிந்து பேசியது அதுதான் முதல்முறை.

தேர்வாளர் நிமிரவில்லை. "நல்லா பண்றீங்க. அடுத்த பக்கம்."

பல்லைக் கடித்துக்கொண்டு மண்டையோட்டைத் திருப்பினேன். ஜன்னலோரம் சீஃபின் தலையும் கூடவே திரும்பியது.