தேர்தல் முடியட்டும்

வாக்குப்பதிவு முடிய இன்னும் இருபத்தாறு மணி நேரம் இருந்தது. 1797, நியூஜெர்சி. சட்டசபைக்குப் போட்டியிடும் ஏனோஸ், மாவு மில் நடத்தும் விதவை கெசியாவின் சமையலறையில் தொப்பியைச் சுழற்றிக்கொண்டு நின்றான்.

"பாதிரியார் வாசல்லயே நிக்கறார். கல்யாணத்தை இப்பவே முடிச்சிடலாமே?"

"நாளைக்கு சாயங்காலம்." கெசியா ஆப்பிள் நறுக்குவதை நிறுத்தவில்லை.

"நான் தோத்தா கழட்டி விடலாம்னு பாக்கறியா?"

"ஜெயிச்சாலும் தோத்தாலும் நாளைக்கு நீங்கதான் என் புருஷன். போய் ஓட்டு கேளுங்க."

மறுநாள் ஏனோஸ் ஒரே ஒரு ஓட்டில் தோற்றுவிட்டு வந்தான். கெசியா சொன்னபடி நீலப் பட்டு கவுனில் தயாராக இருந்தாள். பாதிரியார் திருமணத்தை நடத்தி, கேக் சாப்பிட்டுவிட்டுப் போனார்.

"இப்பவாவது சொல்லு. ஏன் ஒரு நாள் தள்ளிப் போட்டே?"

"நம்ம மாநில அரசியல் சட்டப்படி, சொத்து இருக்கற பொம்பளைக்கும் ஓட்டு உண்டு. கல்யாணம் ஆனா சொத்து புருஷனுக்குப் போயிடும். ஓட்டும் போயிடும்."

ஏனோஸுக்குக் கண் கலங்கியது. "எனக்கு ஓட்டு போடவா காத்திருந்தே!"

கெசியா தட்டுகளை அடுக்கினாள்.

"மில்லு இனிமே உங்களோடது. நீங்க தலைநகர்ல போய் உக்காந்துட்டா அதை யாரு பாக்கறது? அதான், எதிராளிக்குப் போட்டேன்."