வட்டத்துக்கு வெளியே

கள்ளக்குறிச்சி பேருந்து நிலையத்துக்கு எதிரே இருக்கும் ஃப்ளெக்ஸ் கடையில், மழை நாளின் மங்கலில் கணினித் திரை மட்டும் பளிச்சென்று எரிகிறது. செந்தமிழ்ச்செல்வி அதையே பார்த்துக்கொண்டு நிற்கிறாள். வெள்ளிமலைச் சாலை வளைவில் பைக் கவிழ்ந்து நேற்று செத்துப்போன அவள் தம்பி அஜித், கல்லூரிக்காக இணையத்தில் செய்துவைத்த ஸ்லைடின் மூலையில் ஒரு சின்ன வட்டத்துக்குள் சிரிக்கிறான். அவனோடு அவன் செல்போனும் நொறுங்கிவிட்டது. கூடப் படித்தவன் அனுப்பிய இந்த லிங்க்கில்தான் முகம் மிச்சமிருக்கிறது. "இப்படியே சேவ் பண்ணா பேனர்ல மூஞ்சி புள்ளிபுள்ளியா வரும்க்கா," என்கிறான் கடைக்காரன் சுபாஷ். "வெட்டுறதுக்கு முன்னாடி இருந்த படம் உள்ளயே இருக்கும், இருங்க." எதையோ அழுத்துகிறான். வட்டம் உடைந்து படம் இரு பக்கமும் விரிகிறது. கரியாலூர் அருவியின் சாரல், ஈரப் பாறை, அஜித்துக்குப் பக்கத்தில் நாக்கைத் துருத்திக்கொண்டு அவளே நிற்கிறாள். பின்னால் அச்சு இயந்திரம் யாருடைய கல்யாண பேனரையோ கரகரவென்று துப்பிக்கொண்டிருக்கிறது. "நல்லா தெளிவா கீதுக்கா. ஆனா உயிரோட இருக்கிறவங்கள அஞ்சலி பேனர்ல போடக்கூடாது." "தெரியும். என்னை வெட்டிடுங்க." சுட்டி நகர்கிறது. அவள் நாக்கு, கண், காற்றில் பறந்த துப்பட்டா எல்லாம் கோட்டுக்கு வெளியே போகின்றன. சுபாஷின் விரல் நின்றுவிடுகிறது. "தம்பி தோள் மேல உங்க கை இருக்குது. அழிச்சா தோளும் கெட்டுப்போவும். இன்னா பண்றது?" செல்வி தன் அதே கையைத் துப்பட்டாவுக்குள் இழுத்துக்கொள்கிறாள். "இருக்கட்டும்," என்கிறாள். "யாரு கைன்னு யாருக்குத் தெரியப்போவுது."