பாதி டம்ளர் ரசம்

எதிர்வீட்டு பிலோமினாவுக்குப் பெருந்தொற்றுக் காய்ச்சல் வந்ததிலிருந்து மருத்துவ ட்ரோன் தினமும் அவள் பால்கனியில் இறங்குகிறது. காய்ச்சல் இல்லாத வீடுகளுக்கு எதுவும் வருவதில்லை. என் மகன் அமுதனுடைய நோய் இந்த ஊரிலேயே அவன் ஒருவனுக்குத்தான். அதற்கான ஊசி மருந்து வருவது நின்றுபோனதிலிருந்து அவனால் ஸ்பூனைக்கூடப் பிடிக்க முடியவில்லை.

பிலோமினாவுக்கு ரசம் கொண்டுபோனேன். கதவிடுக்கில் வாங்கிக் குடித்தபடியே சொன்னாள்: "வீட்ல ஒருத்தருக்குக் காய்ச்சல்னா போதும்க்கா, மத்தவங்களுக்கு என்ன நோய் இருந்தாலும் மருந்து வந்துடுது. எங்க வீட்டுக்காரர் தைராய்டு மாத்திரைகூட வந்துடுச்சு."

அவளுடைய இருமல்கூட எனக்கு வரமாகத் தோன்றியது.

"வாய் கசக்குதுக்கா, பாதிக்கு மேல இறங்கல. கொட்டிட்டு டம்ளரைக் கழுவித் தர்றேன்."

"கொட்டாத, அப்படியே குடு," என்றேன். "நான் குடிச்சுக்கிறேன்."