பத்தாவது பாட்டு

நாளைக்கு மேடை ஏற வேண்டும். எந்தப் பாட்டுக்கு ஆடுவது என்று இன்னும் முடிவாகவில்லை. சாயங்கால வெயில் பயிற்சிக்கூடத்து மரத்தரையில் நீளமாகக் கிடக்கிறது. நடுவில் தங்கையும் அவள் கணவனும் டேங்கோ ஆட, அண்ணன் ஒலிப்பெட்டியருகே உட்கார்ந்திருக்கிறான். பயிற்சிக்குத் தாளம் பளிச்சென்று கேட்கிற பாட்டு போதும். மேடைக்கு உடம்பில் ஊறிப்போன பாட்டு வேண்டும். அதைக் கண்டுபிடிக்க அவனிடம் ஒரே வழிதான் உண்டு: பாதி ஆட்டத்தில் சத்தத்தை அடியோடு குறைத்துவிட்டு, கொஞ்சம் கழித்துக் கூட்டுவான். இதுவரை போட்ட ஒன்பது பாட்டிலும் சத்தம் திரும்பும்போது கால் ஒரு பக்கம், தாளம் ஒரு பக்கம். "மாப்ள, இதுதான் கடைசி. இதுக்கு மேல எங்கிட்ட சரக்கு இல்ல," என்று பத்தாவதைப் போடுகிறான். பாதியில் குமிழைத் திருகுகிறான். காலணிகள் தரையை உரசுகிற ஓசை மட்டும் மிஞ்சுகிறது. அவள் கண்கள் மூடியிருக்கின்றன. கணவனின் முதுகில் அவள் விரல்கள் மெல்ல விரிந்து மடங்குகின்றன. ஓரிடத்தில் இருவரும் அப்படியே நிற்கிறார்கள்; யார் முதலில் என்று தெரியாமல் மறுபடி நகர்கிறார்கள். அண்ணனுக்குச் சத்தத்தைக் கூட்ட மனமே வரவில்லை. கடைசியில் கூட்டுகிறான். வயலின் எழுகிற அதே நொடியில் அவள் குதிகால் தரையைத் தொடுகிறது. பாட்டு முடிந்ததும் தங்கை நெற்றியைத் துடைத்துக்கொண்டே கேட்கிறாள்: "ஏண்ணே, இந்தத் தடவை சத்தத்தக் கொறைக்க மறந்துட்டியா?"