பேசுவாரா? ஆம் / இல்லை

மகளின் சேர்க்கை மனுவில் ‘பேசுவாரா?’ என்ற கேள்விக்கு நேரே அந்த அம்மா ‘ஆம்’ என்று போட்டிருந்த குறியைச் சிவப்புப் பேனாவால் ஒரே இழுப்பில் அடித்தார் சேர்க்கை அதிகாரி. பக்கத்திலிருந்த ‘இல்லை’யை இரண்டு தரம் வட்டமிட்டார்.

“வந்ததுலேருந்து ஏழு கேள்வி கேட்டுட்டேன். வாயத் தொறந்துச்சா அது? ‘ஆம்’னு போட்டா நம்பிடணுமா? நான் என்ன காதுல பூ வெச்சுக்கிட்டா உக்காந்திருக்கேன்?”

“அது இல்ல சார், அவ” என்றாள் தாய், மெதுவாக. “கேட்டா பதில்தான் சொல்லமாட்டா. மத்தபடி பேசுவா சார்.”

“ஓஹோ! பதில் சொல்றது வேற, பேசுறது வேறயா? நல்லாருக்கும்மா உங்க இலக்கணம்.”

மகள் மேசை ஓரத்து முக்காலியில் உட்கார்ந்து, தேதி முத்திரையின் சின்னச் சக்கரங்களைக் காதருகே வைத்து உருட்டிக்கொண்டிருந்தாள். அதிகாரி அதை வெடுக்கென்று பிடுங்கினார். அவளுடைய விரல்கள் இன்னும் கொஞ்ச நேரம் காற்றிலேயே உருட்டின.

ஆட்டிசம், ஏடிஹெச்டி உள்ள பிள்ளைகளின் குடும்பங்களுக்குக் கைகொடுக்கத்தான் அந்த மையம். ‘உங்களோடு நாங்கள்’ என்று பெரிய எழுத்தில் சுவரில் ஒட்டியிருந்தது. அந்தச் சுவருக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்ததால் பதினோரு வருடமாக அதிகாரி அதைப் படித்ததில்லை.

வருகிற தாய்மார்கள் அவருக்கு இரண்டே ரகம். பிள்ளை ஓடினால் கண்டிக்கத் தெரியாதவள். பிள்ளை ஒதுங்கினால் கொஞ்சத் தெரியாதவள். இவள் இரண்டாவது ரகம் என்று அவள் செருப்பைக் கழற்றும்போதே முடிவு கட்டியிருந்தார்.

“சார், அடுத்த மாசம் இவளுக்கு எட்டு முடியுது. அதுக்கு மேல பேச்சுப் பயிற்சியில சேர்க்கமாட்டாங்களாமே. எங்களுக்கு வேற மையமும் கிடையாது. ஒரே ஒரு இடம் பாத்துக் குடுங்க சார்.”

“இடத்த நான் என்ன சட்டப் பையிலயா வெச்சிருக்கேன்? வகுப்பே பன்னெண்டு பேருக்குத்தான். மனுவ வாங்கி வெச்சுக்கறேன், அவ்வளவுதான். டாக்டர் சர்டிஃபிகேட் இன்னொரு நகல் வேணும்.”

“மூணு குடுத்திருக்கேனே சார்?”

“நாலு வேணும்.”

நகல் எடுக்கக் கிளம்பி அவள் மகளின் கையைப் பிடித்தாள். அதிகாரி முகத்தைச் சுளித்தார். “அத எதுக்கு இழுத்துக்கிட்டு அலையறீங்க? இங்கயே கிடக்கட்டும். வெச்ச எடத்துலதான இருக்கப் போகுது.”

தாய் முட்டி போட்டு உட்கார்ந்து சுவர்க் கடிகாரத்தைக் காட்டினாள். “பெரிய முள்ளு அந்த மூணுகிட்ட வர்றப்போ அம்மா வந்துடுவேன் தங்கம்.” மகள் முள்ளைப் பார்த்தாள். தாய் படியிறங்கி ஓடினாள்.

அவள் போன கையோடு அதிகாரியின் ஃபோன் அடித்தது. மனைவியின் அண்ணன். அதிகாரி நாற்காலியைச் சாய்த்துப் போட்டு, கால்மேல் கால் போட்டு, தொண்டையைக் கனைத்துக்கொண்டு ஆரம்பித்தார். அறையில் இன்னொரு ஆள் இருப்பதாகவே அவருக்குத் தோன்றவில்லை. நாலு நிமிஷம் ஒரே சிரிப்பும் கும்மாளமுமாகப் போயிற்று.

பெரிய முள் மூன்றைத் தொடும்போது தாய் மூச்சிரைக்க உள்ளே வந்தாள். அவளுக்குப் பின்னாலேயே மையத்தின் இயக்குநர் அம்மாவும் வந்தார்.

அதிகாரி துள்ளி எழுந்த வேகத்தில் நாற்காலி சுவரில் போய் மோதியது. குரலில் தேன் சொட்டியது.

“வாங்க மேடம். பாருங்க, எவ்வளவு தங்கமான குழந்த! இவங்கள அனுப்ப எனக்கே மனசு கேக்கல. ஆனா பயிற்சியில ஒரு இடம்கூட இல்லையே மேடம், நான் என்ன பண்ணுவேன்?”

கால் மணி நேரம் ‘அது’வாக இருந்தவள் ஒரே நொடியில் ‘குழந்தை’ ஆகிவிட்டாள்.

“நல்லாப் பாத்தீங்களா?” என்று கேட்டார் இயக்குநர்.

“ரெண்டு தடவ பாத்துட்டேன் மேடம். பன்னெண்டும் ஃபுல்.”

இயக்குநர் தாயின் தோளில் கை வைத்தார். “மன்னிச்சுக்கோம்மா. ஒண்ணே ஒண்ணு காலியா இருந்தாக்கூட இந்த நிமிஷமே போட்டுக் குடுத்துடுவேன்.”

“பரவால்ல மேடம்” என்றாள் தாய். நாலாவது நகலை என்ன செய்வதென்று தெரியாமல் அதை நான்காக மடித்துப் பைக்குள் திணித்தாள். பையின் ஜிப் பாதியில் சிக்கிக்கொண்டது. அவள் குனிந்து இழுத்துக்கொண்டே இருந்தாள். நிமிர்ந்தால் அழுதுவிடுவாள் போலிருந்தது.

இயக்குநரின் பார்வை மேசைமேல் இருந்த மனுவில் விழுந்தது. “பேச்சே கிடையாதா?”

“ஒரு வார்த்த கிடையாது மேடம்” என்று முந்திக்கொண்டார் அதிகாரி. “இவங்க என்னடான்னா, பேசும்னு எழுதிக் குடுக்கறாங்க. பெத்த மனசு, வேற என்ன சொல்ல!”

இயக்குநர் சிறுமியின் முன் குனிந்தார். “போயிட்டு வரியா கண்ணு?”

அவள் அவரைப் பார்க்கவில்லை. தேதி முத்திரையைப் பார்த்தாள். ஒரு பெரிய மனிதரைப்போலத் தொண்டையைக் கனைத்தாள். பிறகு அதிகாரியின் இழுவை, அதிகாரியின் சிரிப்பு, எதிலும் ஓர் எழுத்துக்கூடக் குறையாமல், அறை முழுக்கக் கேட்கும்படி சொன்னாள்:

“ஒரு இடத்த ஒளிச்சு வெச்சிருக்கேன் மச்சான்... எங்க மேடம் ஒரு மக்கு, கண்டே பிடிக்காது!”