இலையோரத்து உப்பு

“உப்பு பத்துமான்னு பாத்துச் சொல்லு.”

அவள் குழம்பை உள்ளங்கையில் ஊற்றிக் குடித்தாள். வாயைத் திறந்தும் காட்டினாள்.

அதன் பிறகுதான் சேந்தவேள் சோற்றைப் பிசைந்தார். கோட்டைக்கே அதிபதி. சமையற்காரி தன் கண்ணெதிரில் உப்பைத் தின்னாமல் ஒரு கவளமும் தொடமாட்டார்.

அந்த நாட்டு உப்பு அப்படி.

எந்தக் குடியின் உப்பளத்தில் விளைந்த உப்பைத் தின்கிறோமோ, அந்தக் குடியின்மேல் ஆயுதம் ஓங்க முடியாது. ஓங்கினால் கை தோளோடு மரத்துப்போகும். சோறு கணக்கில் சேராது. உப்பு மட்டும்தான்.

இதை ஏய்க்க ஒரு வழி கண்டுபிடித்தவரே சேந்தவேள்தான்.

நண்பர் கொற்றவேளின் வீட்டுக்கு விருந்துக்குப் போனார். விரதம், உப்பு ஆகாது என்றார். கூட வந்த வீரர்களும் அதையே சொன்னார்கள். அத்தனை பேருக்கும் ஒரே நாளில் பக்தி முற்றியது கொற்றவேளுக்கு உறுத்தவே இல்லை. தனி அடுப்பு மூட்டிச் சமைத்துப் போட்டார்.

மூன்றாம் நாள் பந்தியிலேயே அவரை வெட்டினார்கள்.

உப்புக் குவியலுக்குள் ஒளிந்திருந்த மகளுக்கு முதலில் அப்பாமேல்தான் கோபம் வந்தது. இவ்வளவு நல்லவராக இருந்து தொலைக்க வேண்டுமா?

அழுகை பிறகுதான் வந்தது.

அவள் வேறு பெயர் சொல்லி இந்த அடுக்களையில் நுழைந்தாள். பாத்திரம் துலக்கினாள். வயிறு சரியில்லை என்று சொல்லி உப்பில்லாக் கஞ்சி குடித்தாள். பல வருடம் வயிறு சரியில்லாமலே இருந்தது.

போன ஆண்டு தலைமைச் சமையற்காரி ஆனாள். உப்புச் சாடி அவள் கைக்கு வந்தது.

அப்பாவின் அளங்களையெல்லாம் சேந்தவேள் அப்போதே பிடுங்கிக்கொண்டார். அலையாத்திக் காட்டுக்குள் இருந்த ஒரு சின்ன உப்புப் பாத்தி மட்டும் அவர் கண்ணில் படவில்லை. நேர்த்திக்கடன் என்று சொல்லி அவள் அங்கே போய் வந்தாள். சாடியை அந்த உப்பால் நிரப்பினாள். அரண்மனை உப்பை அகழியில் கொட்டினாள்.

அகழி மீன்கள் செத்து மிதந்தன. பூசாரி பரிகாரம் செய்தார்.

இன்று வெற்றி விழாப் பந்தி. அப்பாவை வெட்டிய நாளைத்தான் அப்படிச் சொல்கிறார்கள்.

கோட்டையில் ஓர் ஆண்டாக எல்லாரும் அவள் உப்பைத் தின்றவர்கள். ஒருவனைத் தவிர.

புது மெய்க்காவலன் கடம்பன். காலையில்தான் வந்து சேர்ந்தான். சேந்தவேளுக்குப் பின்னால், மடியில் வாளோடு உட்கார்ந்திருந்தான். இலையைத் தொடவில்லை.

அவள் மறுபடி ஒரு சுற்றுப் பரிமாறினாள்.

அவன் தொடவில்லை.

“சாப்பிடுடா, நான் எங்கயும் ஓடிட மாட்டேன்” என்றார் சேந்தவேள். பந்தி சிரித்தது.

கடம்பன் ஒரு வாய் எடுத்து வைத்தான். முகம் சுளித்தான்.

“கொஞ்சம் உப்பு வைங்கக்கா.”

அவள் வைத்தாள். கூடுதலாகவே விழுந்தது.

அவன் பிசைந்து விழுங்கினான். தொண்டை ஏறி இறங்கும்வரை நின்றாள்.

பிறகு வாளியைக் கீழே வைத்தாள். இடுப்பிலிருந்து கறி நறுக்கும் கத்தியை எடுத்தாள். சேந்தவேளின் முன்னால் போய் நின்றாள்.

அவருக்குச் சிரிப்புத்தான் வந்தது.

“பைத்தியமாடி உனக்கு? கை வெளங்காமப் போயிடும்.”

“நான் கொற்றவேள் மக.”

கத்தி உயர்ந்தது. அவள் கை மரத்துப்போகவில்லை.

கடம்பன் துள்ளி எழுந்தான். வாள் பாதி வெளியே வந்தது. அத்தோடு அவன் கை மரக்கட்டையாகத் தொங்கியது. பந்தியில் மற்றவர்களும் வாள்மேல் கை வைத்தார்கள். வைத்த கை வைத்தபடியே இருந்தது.

சேந்தவேள் குனிந்து தன் இலையைப் பார்த்தார்.

ஓரத்தில் ஒரு சிட்டிகை உப்பு மிச்சம் இருந்தது.