கேமராவை விட்டு எழுந்தால்

“தேர்வு நடக்கிறது. தயவுசெய்து மணி அடிக்காதீர்கள்” என்று எழுதிய தாளை வாசல் கதவில் ஒட்டிவிட்டு உள்ளே வந்தான் ஃபிரெடி. படுக்கையறையில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்த ஜெரூஷா, சில்லிட்ட கைகளைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். மேஜை மேலிருந்த தண்ணீர் பாட்டிலின் லேபிளைக்கூட அவன் உரித்து எடுத்தான். அருகில் எழுத்து எதுவும் இருக்கக் கூடாது என்பது விதி.

ஜெரூஷா ஒரகடத்தில் கார் உதிரிபாகங்கள் செய்யும் கம்பெனி ஒன்றில் டிசைனர். அவள் தினமும் வரையும் டிசைன் மென்பொருளுக்கு அன்று உயர்நிலைச் சான்றிதழ் தேர்வு. தேறினால், அடுத்த மாதம் புனேயில் நடக்கும் அந்த மென்பொருள் பயனாளர்களின் மாநாட்டில் கம்பெனி சார்பாக அவள்தான் பேசுவாள். பிறகு அங்கேயே தொடங்கப்போகும் புதிய டிசைன் பிரிவுக்கும் அவளே தலைவி.

மாடம்பாக்கம் வீட்டை விட்டுக் குடும்பத்தோடு புனே போக வேண்டியிருக்கும். தாம்பரத்தில் பள்ளி ஆசிரியராக இருக்கும் அவள் கணவன் ஃபிரெடி அதற்கு ஒரு வார்த்தைகூட மறுத்துப் பேசவில்லை. உனக்கு எது நல்லதோ அதுதான் எனக்கும் என்று அவன் சொன்ன அன்று ஜெரூஷா அழுதேவிட்டாள். கிண்டியிலிருக்கும் தேர்வு மையம் வரை டிராஃபிக்கில் போய்ப் பதற்றப்பட வேண்டாம், வீட்டிலேயே எழுது என்று சொன்னதும் அவன்தான்.

வீட்டிலிருந்து எழுதுவதில் ஒரு கண்டிப்பு உண்டு. கண்காணிப்பாளர் ஒருவர் கேமரா வழியாகப் பார்த்துக்கொண்டே இருப்பார். கேமராவை விட்டு எழுந்தால் தேர்வு அத்தோடு ரத்து. மறுபடி எழுத மாநாடு முடிந்த பிறகுதான் வாய்ப்பு.

“கீழ தண்ணி லாரி வரும். மோட்டார் சத்தம் உனக்குக் கேக்காம தள்ளி நிறுத்தச் சொல்றேன்” என்று சொல்லி, அவளுடைய போனையும் வாங்கிக்கொண்டு அவன் இறங்கிப் போனான்.

கேள்விகள் அவள் பயந்த அளவுக்கு இல்லை. கை தானாக ஓடியது. கடைசி வரைபடத்தில், ஒரு கார்க் கதவின் கீலைப் பொருத்திக்கொண்டிருந்தாள்.

அப்போதுதான் பக்கத்து அறையில் நாற்காலி சாயும் சத்தம் கேட்டது. அதன் பின்னால் ஒரு முனகல். பிறகு ஒன்றுமில்லை.

அது அவள் மாமனார் வேதசிரோமணியின் அறை. போன வருடம் பக்கவாதம் வந்து, ஊன்றுகோலைப் பிடித்துத்தான் நடக்கிறார். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறவர். தலையில் அடி பட்டால் உடனே ஸ்கேன் எடுக்க வேண்டும் என்று டாக்டர் எச்சரித்திருந்தார்.

“மாமா?” என்றாள். பேசக் கூடாது என்று கண்காணிப்பாளரின் செய்தி திரையில் வந்து விழுந்தது. ஃபிரெடி இதோ வந்துவிடுவான் என்று வாசல் பக்கம் காதை வைத்துக் காத்திருந்தாள். கீழே லாரியின் இரைச்சல் மட்டும் கேட்டது.

இன்னும் கொஞ்ச நேரம் உட்கார்ந்தால் முடித்துவிடலாம். அந்தக் கொஞ்ச நேரத்தில் அவருக்கு என்ன வேண்டுமானாலும் ஆகலாம்.

ஜெரூஷா எழுந்து ஓடினாள்.

கட்டிலுக்குப் பக்கத்தில் தரையில் கண்ணை மூடிக் கிடந்தார் வேதசிரோமணி. தலையைத் தூக்கி மடியில் வைத்துத் தடவிப் பார்த்தாள். ரத்தம் இல்லை, வீக்கமும் இல்லை. அவர் கண்ணைத் திறந்தார். ஆனால் அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

அவரைக் கட்டிலில் உட்கார வைத்துவிட்டுத் திரும்பி வந்தபோது, தேர்வு ரத்தான அறிவிப்பு திரையில் சிவப்பாக நின்றது.

மேலே வந்த ஃபிரெடி எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அவள் தோளை அழுத்தினான். “விடு ஜெரு. கர்த்தர் எதுக்கோ ஒரு காரணத்தோடதான் செய்வார்” என்றான். அவள் மேனேஜருக்குப் போன் செய்தாள். அவர் வருத்தப்பட்டார், மாநாட்டுக்கும் புனே பிரிவுக்கும் இன்னொரு டிசைனரான ரவியை அனுப்புவதைத் தவிர வேறு வழியில்லை என்றார்.

அழுகையை ஒத்திவைத்துவிட்டு, ஸ்கேன் எடுக்கப் போக ஆட்டோவுக்குச் சொன்னாள். ஃபிரெடி வேண்டாம் என்றான். அப்பா நன்றாகத்தானே இருக்கிறார், எதற்கு வீண் அலைச்சல் என்றான். அவர் இரண்டு முறை இருமினாலே ஆஸ்பத்திரிக்கு ஓடுகிறவன் அவன். தனக்காக மனம் உடைந்துபோய்ப் பேசுகிறான் என்று ஜெரூஷா நினைத்துக்கொண்டாள். அவன் டீ போடச் சமையலறைக்குப் போனான்.

அவள் தரையில் உட்கார்ந்து மாமனாரின் காலில் செருப்பை மாட்டினாள். தலை சுற்றுகிறதா, வாந்தி வருகிறதா என்று ஒவ்வொன்றாக விசாரித்தாள். எல்லாவற்றுக்கும் அவர் தலையை மட்டும் ஆட்டினார்.

“பரீட்சை போனா போகட்டும் மாமா. நீங்க நல்லா இருந்தா போதும்” என்றாள்.

அவர் நல்ல கையால் அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். பக்கவாதத்துக்குப் பிறகு அவர் பேச்சு குழறும்; ஒவ்வொரு சொல்லாகத்தான் வரும்.

“புனே போனா... என்னை முதியோர் ஹோம்ல விட்டுட்டுத்தான் போவீங்களாமே.”

ஜெரூஷா திகைத்துப்போனாள். அவருக்கும் சேர்த்துத்தான் அங்கே வீடு பார்க்கச் சொல்லியிருந்தாள்.

“உங்களை விட்டுட்டா? யாரு மாமா அப்படிச் சொன்னது?”

சமையலறையில் டம்ளர் வைக்கும் சத்தம் கேட்டது. வேதசிரோமணி அந்தப் பக்கம் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

“அவன்தாம்மா. இன்னிக்கு என்னை விழச் சொன்னதும் அவன்தான்.”